முன்னோக்கி மட்டும்

கார் வாங்கும்போது அது பின்னாலும் போகுமா என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. போகத்தான் செய்தது, ரிப்பேருக்குக் கொடுக்கும்வரை.

1998 அக்டோபர். நியூஜெர்சியில் ஐசலினில் ஒரு அபார்ட்மென்டில் இருந்தோம். நான், என் மனைவி வசந்தாமணி, மூன்றாவது படிக்கும் மகள் ஓவியா. க்ரீன் கார்டு அந்தக் கோடையில்தான் வந்திருந்தது. கோயமுத்தூரில் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்து, விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லாமல் இத்தனை வருடம் வீட்டிலிருந்த வசந்தாமணிக்கு, ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை கிடைத்தது. பிப்ரவரி தொடக்கத்தில் சேர வேண்டும். சாம்பிள் எடுத்துப் போக லேபின் வேனை ஓட்ட வேண்டியிருக்கும், ஆகவே சேரும் நாளில் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லையென்றால் அந்த வேலை அடுத்தவருக்கு.

நான் மெட்ரோபார்க்கில் ரயிலேறி நியூயார்க் போகிறவன். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பழைய ஜப்பான் கார், ஆட்டோமேட்டிக். ஓட்டப் பழகவும் டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகவும் அதுதான். குளிர்காலக் காலைகளில் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகக் கொஞ்சம் யோசிக்கும். அவ்வளவுதான் அதன் குறை. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் தமிழ்ச் சங்கத்தின் விளம்பர மலரில் பின்னட்டை முழுக்க ‘ஃபார்வர்ட் டிரான்ஸ்மிஷன் சென்டர்’ என்று போட்டிருந்தது. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள கம்பெனி. எங்கள் ஊர்க் கிளையை எடுத்து நடத்துபவர் சிவராமகிருஷ்ணன், சங்கத்தின் பொருளாளர். நம்மாள் கடை இருக்கும்போது வெள்ளைக்காரன் கடைக்குப் போவானேன் என்று போனேன்.

சிவராமகிருஷ்ணன் டை கட்டியிருந்தார். சென்னையில் பேங்க் ஆபீசராக இருந்தவராம்.

“வாங்க சார், நம்ம ஆளா? பேச்சிலயே கோயமுத்தூர் தெரியுதே. உக்காருங்க. முதல்ல நம்ம மிஷன் ஸ்டேட்மென்ட்ட ஒரு தடவ சேர்ந்து படிச்சிடுவோம்.”

சுவரில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தது. இரண்டு பேரும் எழுந்து நின்று படித்தோம். வாடிக்கையாளரை மகிழ்விப்பதே எங்கள் மூச்சு, நாங்கள் என்றும் முன்னோக்கியே செல்வோம் என்று இருந்தது. வாடிக்கையாளர் நான்தானே, நான் எதற்குப் படிக்கிறேன் என்று தோன்றியது. கேட்கவில்லை.

“நீங்க எங்கீங்க சார் மெக்கானிக் வேலை படிச்சீங்க?” என்று கேட்டேன்.

“ஒஹாயோல எங்க கம்பெனிக்கு ஒரு யூனிவர்சிட்டியே இருக்கு சார். முழு கோர்ஸ். ஃபோன் எப்படி எடுக்கணும், கஸ்டமர் கோவமா வந்தா எந்த ஆங்கிள்ல உக்காரணும், எல்லாம் சொல்லித் தருவாங்க. கடைசி நாள் மத்தியானம் ஒரு கார காட்டறதா இருந்தாங்க. அன்னிக்குன்னு பார்த்து மழை.”

காரை உள்ளே கொண்டுபோனார்கள். சிறிது நேரத்தில் ஒருவர் வெல்வெட் துணி விரித்த தட்டில் கொஞ்சம் சாம்பல் நிறப் பொடியை ஏந்தி வந்தார். நான் பழக்கதோஷத்தில் வலது கையை நீட்டிவிட்டேன்.

“எடுக்காதீங்க சார். இது உங்க டிரான்ஸ்மிஷன்லேர்ந்து எடுத்த இரும்புத் தூள்” என்றார் சிவராமகிருஷ்ணன். துக்க வீட்டில் பேசுகிற குரல். “முழுசா பிரிச்சுக் கட்டணும்.”

எல்லாப் பழைய காரிலும் அந்த அளவு தூள் இருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தட்டைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து டெலிவரி. கவுன்டரில் ஒரு மணி இருக்கிறது. அதை வாடிக்கையாளர் அடிக்க வேண்டும். அடித்தேன். உள்ளே வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து வரிசையாக நின்று கைதட்டினார்கள். என்னைப் போட்டோ எடுத்து ‘மகிழ்ந்த முகங்கள்’ என்ற பலகையில் குத்தினார்கள். பழைய பாகங்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கடையில் கார் ஒரு வாசல் வழியாக உள்ளே போய் மறு வாசல் வழியாக வெளியே வரும். நானும் அப்படியே வெளியே வந்து வீட்டுக்குப் போய், சுவரைப் பார்த்த மாதிரி என் இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

மறுநாள் சனிக்கிழமை. ரிவர்ஸ் போட்டேன். எஞ்சின் உறுமியது. கார் அசையவில்லை.

“ஏனுங்க, ஹேண்ட் பிரேக்க எடுத்தீங்களா?” என்றாள் வசந்தாமணி.

“எடுத்தாச்சு.”

“அப்ப பின்னால போற சாமானத்தயே எடுத்துப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க.”

இரண்டு பேரும் இறங்கிக் காரைப் பின்னால் தள்ளி வெளியே எடுத்தோம். அப்படியே கடைக்குப் போனேன்.

சிவராமகிருஷ்ணன் சந்தோஷமாக எழுந்து வந்தார். மறுபடி மிஷன் ஸ்டேட்மென்ட் படித்தோம். பிறகு விஷயத்தைச் சொன்னேன். காரை உள்ளே அனுப்பினார். அரைமணியில் ஒரு காகிதம் வந்தது. ‘வாடிக்கையாளர் சொல்லும் குறை தென்படவில்லை.’

“சார், ரிவர்ஸே விழலீங்க. நீங்களே ஒருக்கா உக்காந்து பாருங்க.”

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க கடையில பின்னாடி போற பழக்கமே கிடையாது. ஒரு வாசல்ல வர்றோம், இன்னொரு வாசல்ல போறோம். டெஸ்ட் டிரைவ் பாருங்க, நாலு ரைட் டர்ன் போட்டுத் திரும்பி வந்துடுவோம். செக்லிஸ்ட்லயும் ரிவர்ஸ்னு ஒரு கட்டமே இல்ல. உள்ள பின்னாடி எடுக்கக்கூடாதுன்னு இன்ஷூரன்ஸ்காரன் வேற எழுதியிருக்கான். இந்தக் கிளை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கார்ல கூட ரிவர்ஸ் ப்ராப்ளம் கண்டுபிடிச்சது இல்ல சார். ஒண்ணு கூட.”

“கண்டுபிடிக்க பின்னால எடுத்துப் பாக்கோணுமுல்லீங்க?”

“அதான் சொன்னேனே, அந்தப் பழக்கம் இல்ல.”

பழைய பாகங்கள் இருந்த பெட்டியை நான் கையோடு கொண்டு போயிருந்தேன். தேய்ந்த தட்டுகள், கறுத்த வளையங்கள். அவற்றுக்கு நடுவே பிரிக்கவே பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். உள்ளே புத்தம்புது ரப்பர் வளையம். மேலே ‘ரிவர்ஸ் பிஸ்டன் சீல்’ என்று அச்சடித்திருந்தது. எடுத்துக் காட்டினேன்.

“இது புதுசாட்ட இருக்குதுங்களே. மாட்ட மறந்துட்டாங்களா?”

அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பழைய பார்ட்ஸ் பெட்டியில இருந்துதா?”

“ஆமாங்க.”

“அப்ப பழசுதான் சார்.”

பெட்டியை மூடி என் கையில் கொடுத்தார். போகும்போது மணியை அடிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். “சர்வீஸ் முடிஞ்சுதே” என்றார். அடித்தேன். கைதட்டினார்கள். பலகையில் என் இரண்டாவது போட்டோ ஏறியது.

சங்கத்துப் பொருளாளரோடு எப்படிச் சண்டை போடுவது? பொங்கல் விழாவில் ஓவியாவின் டான்ஸுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குபவரே அவர்தான். ஆகவே வாரா வாரம் சனிக்கிழமை போனேன். மிஷன் ஸ்டேட்மென்ட் மனப்பாடம் ஆகிவிட்டது. அவர்கள் காரைப் பார்ப்பார்கள், குறை தென்படாது, மணி அடிப்பேன், போட்டோ எடுப்பார்கள்.

இதற்கிடையில் நாங்கள் பின்னால் போகாமல் வாழப் பழகிவிட்டோம். மனிதன் எதற்கும் பழகிவிடுகிறான், அதிலும் நாங்கள். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறக்கூடிய இடத்தில்தான் நிறுத்துவது. கடை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் பார்க்கிங் சரியில்லையென்றால் போவதில்லை. அப்படி எங்கள் குடும்பம் இரண்டு மளிகைக் கடைகளையும் ஒரு பல் டாக்டரையும் கைவிட்டது. டாக்டர் நல்லவர்தான். அவருடைய பார்க்கிங் சுவரைப் பார்த்து இருந்தது.

தவிர்க்க முடியாத இடங்களில் தள்ளுவோம். முதலில் நான் தள்ளினேன், வசந்தாமணி ஸ்டியரிங் பிடித்தாள். அவள் அப்போது என்னைப் பக்கத்தில் வைத்து ஓட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவளே கற்றுக்கொள்கிறேன் என்றாள்.

“நீங்க ஆபீஸ்ல இருந்தா நானென்ன பண்றதுங்க? தனியாத் தள்ளிப் பழகிக்கிறனுங்க.”

பழகினாள். நியூட்ரல் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து இறங்கி, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கதவுச் சட்டத்தில் தோளைக் கொடுத்து ஒரு அழுத்து. கார் சாதுவாகப் பின்னால் வரும். ஓக் ட்ரீ ரோட்டில் நகைக்கடை வாசலில், பட்டுப்புடவைக்கு மேல் ஜாக்கெட்டோடு அவள் ஒரே மூச்சில் காரைப் பின்னால் எடுத்ததை, பானிபூரி தின்றுகொண்டிருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

ஓவியா பின் சீட்டில் தலையைக் குனிந்துகொண்டாள். “அப்பா, கேன் வி ஜஸ்ட் பி நார்மல்?”

“கண்ணு, அப்பா கேட்டுட்டுதான் இருக்கேன்.”

“யூ கீப் ரிங்கிங் தெயர் பெல்.”

டெஸ்ட் தேதி ஜனவரி முதல் வாரத்தில் கிடைத்தது. டெஸ்ட்டில் இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஓரமாக ரிவர்ஸில் நிறுத்திக் காட்ட வேண்டும். வேறு கார் தேடினேன். டெஸ்ட் எடுப்பவர் கைக்கு எட்டும்படி நடுவில் ஹேண்ட் பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. நண்பர்கள் வைத்திருந்ததெல்லாம் வேன், எல்லாவற்றிலும் காலால் மிதிக்கிற பிரேக். டிரைவிங் ஸ்கூல்காரர் மார்ச்வரை ஆள் நிரம்பிவிட்டது என்றார். பிப்ரவரியில் வேலை. சிவராமகிருஷ்ணனிடம் போய் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினேன். அவர் உடனே யூனிவர்சிட்டியில் சொல்லிக் கொடுத்த ஆங்கிளில் உட்கார்ந்தார்.

“சார், உங்க வலி எனக்குப் புரியுது. உங்கள மாதிரி ஸ்பெஷல் கஸ்டமருக்கு ‘டிலைட் லெவல்’னு ஒண்ணு இருக்கு. அதுல போட்டுர்றேன். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் வந்து ரிவர்ஸோட எடுத்துக்குங்க.”

முந்தின நாள் சாயங்காலம் கார் தயாராக இருந்தது. உள்ளே ரோஜா வாசனை. கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ்: ‘ரிவர்ஸ் சீர் செய்யப்பட்டது.’ மணி, கைதட்டல், போட்டோ. வெளியே வந்து தெருவில் நிறுத்தி ரிவர்ஸ் போட்டேன். எஞ்சின் உறுமியது. கார் நின்றது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தேன். ரிவர்ஸ் லைட் இரண்டும் பளிச்சென்று எரிந்தன. பல்பு மாற்றியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கடைக்கதவை இழுத்து மூடிவிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். வசந்தாமணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“போலாமுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான ஓட்டறன். பாத்துக்கலாம்.”

டெஸ்ட் எடுக்க வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. முகத்தில் எதுவும் இல்லை. நானும் ஓவியாவும் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். வசந்தாமணி அழகாக ஓட்டினாள். சிக்னல், ஸ்டாப், திருப்பம் எல்லாம் சரி. பிறகு கூம்புகளுக்குப் பக்கத்தில் கார் வந்து நின்றது. பின்னால் இரண்டு வெள்ளை லைட்டும் எரிந்தன. எஞ்சின் உறுமியது.

கார் அசையவில்லை.

பிறகு லைட் அணைந்தது. கதவு திறந்தது. வசந்தாமணி இறங்கினாள். ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் கதவுச் சட்டத்தில். உள்ளே அந்தப் பெண்மணி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார் போலிருக்கிறது, கார் நின்றது. வசந்தாமணி குனிந்து அவரிடம் ஏதோ மரியாதையாகச் சொல்லி, கையை நீட்டிப் பிரேக்கை விடுவித்தாள். மறுபடி தோள். கார் அரைவட்டமாகப் பின்னால் வந்து இரண்டு கூம்புகளுக்கு நடுவே, ஓரக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி, நூல் பிடித்த மாதிரி நின்றது. கைகளைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பெண்மணி வெகுநேரம் எழுதினார்.

“பார்க்கிங் பிரமாதமுன்னு சொன்னாங்க. ஆனா வண்டி போறப்ப டிரைவர் உள்ள இருக்கோணுமாம்” என்றாள் வசந்தாமணி. “ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. அப்பவும் ஆகலீன்னா லேபுக்கு போன் பண்ணிச் சொல்லிருங்க. என்னால சொல்ல முடியாதுங்க.”

வீட்டுக்குப் பக்கத்தில் வழக்கம் போல வளைந்து போய், முன்னால் வெளியேறும் இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

நடந்ததை சிவராமகிருஷ்ணனிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார். “ஃபுல் கமிட்மென்ட்டோட இத எடுத்துக்கறேன் சார். மறுபடி முழுசா பிரிச்சுடறோம். பொங்கல் விழாவுல மேடையிலயே வெச்சு சாவி தர்றேன். எங்க ரீஜனல் டைரக்டரே வர்றார்.”

பொங்கல் விழா ஒரு ஹைஸ்கூலில். ஓவியாவுக்கு ஐந்து நிமிடத்துக்குப் பதில் எட்டு நிமிடம் கிடைத்தது. அதற்குப் பிறகு டைரக்டர் மிஸ்டர் ஹாலோவே, கழுத்தில் மாலையும் தோளில் பொன்னாடையுமாகப் பேசினார்.

“தரம் என்பதை எப்படி அளப்பது? எங்களிடம் எளிய வழி இருக்கிறது. வாடிக்கையாளர் திரும்பி வருகிறாரா? இந்தக் கிளைக்கு வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். பலர் அதே வாரத்தில். சிலர் அன்று மாலையே, காரை டோ டிரக்கில் தூக்கி வைத்து, வேறு கடைகளைத் தாண்டி எங்களிடமே வந்திருக்கிறார்கள். அந்த விசுவாசத்தை விலை கொடுத்து வாங்க முடியுமா? சென்ற வருடம் சில கிளைகளில் கார்கள் திரும்பி வரவே இல்லை. அந்தக் கிளைகளை வருத்தத்தோடு மூடிவிட்டோம். இங்கே ஒருவர் மூன்று மாதத்தில் பதினொரு தடவை மணி அடித்திருக்கிறார். கிழக்கு மாநிலங்களிலேயே மிக மகிழ்ந்த வாடிக்கையாளர், மிஸ்டர் திருமூர்த்தி.”

அது நான்தான். மேடையில் ஏற்றிக் கைகுலுக்கினார்கள். பரிசு, ஆயுள் முழுக்க இலவச டோயிங். எங்கள் கார் எப்போது எங்கே நின்றாலும் கம்பெனி டிரக் வந்து தூக்கிப்போகும். முந்நூறு பேர் கைதட்டினார்கள். என் கை தானாக மணியைத் தேடியது.

பிறகு எல்லாரும் பார்க்கிங் லாட்டுக்குப் போனோம். பனி ஒதுக்கிய இடத்தில், கடை டிரக்கில் வந்து இறங்கிய கார், சந்தனம் குங்குமத்தோடு, முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக் கொண்டு கார் முன்னால் போக வேண்டும். சிவராமகிருஷ்ணன் பட்டுவேட்டியோடு தானே உட்கார்ந்தார். முதலில் ரிவர்ஸ் போட்டுக் காட்டினார். கார் பின்னால் போனது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. பழங்களை மறுபடி சக்கரத்துக்குக் கீழே வைத்தார்கள். முன்னால் எடுக்க கியர் போட்டார். எஞ்சின் உறுமியது. கார் நின்றது. இரண்டாவது, முதலாவது, எல்லாம் போட்டுப் பார்த்தார். ரிவர்ஸைத் தவிர எதுவும் இல்லை.

அவர் கண்ணாடியை இறக்கினார். “சார், நீங்க ரிவர்ஸ் தான கேட்டீங்க?”

டைரக்டர் கைதட்ட ஆரம்பித்தார். எல்லாரும் தட்டினார்கள். வசந்தாமணி மட்டும் குனிந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துக் கொண்டுபோய்ப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தாள்.

“இப்ப எடுங்க” என்றாள்.

பழம் நசுங்கியது.

ஜனவரிக் கடைசியில் டெஸ்ட்டுக்கு இலவச டோ டிரக்கில் காரைக் கொண்டுபோனோம். டிரக் ஓட்டுபவர் பெயர் ஹெக்டர். கூம்புகளுக்கு முன்னால் காரை இறக்கி வைத்தார். அதே பெண்மணி வந்தார். காரைப் பார்த்தார், டிரக்கைப் பார்த்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்து, முன்னால் போகிறதெல்லாம் போன தடவையே பாஸ், மிச்சமிருப்பது பின்னால் போவதுதான், அதை மட்டும் காட்டு என்றார். வசந்தாமணி பெல்ட் போட்டாள், கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள், ஒரே வளைவில் உள்ளே நிறுத்தினாள். இந்த முறை இறங்கவில்லை. அந்தப் பெண்மணி இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டார்.

லைசென்ஸ் வந்தது. வேலையில் சேர்ந்தாள். லேபில் வேன் ஓட்டுகிறாள், முன்னாலும் பின்னாலும். நன்றாக ஓட்டுகிறாள் என்று சொல்கிறார்களாம்.

எப்படிப் போகிறாள் என்று கேட்பீர்கள். சிவராமகிருஷ்ணனின் கடைக்குப் போகும் வழியில்தான் லேப். தினமும் காலையில் நான் போன் செய்து கார் முன்னால் போகவில்லை என்று சொல்வேன். ஹெக்டர் வந்து காரைத் தூக்கிக் கொண்டு, வசந்தாமணியை லேபில் இறக்கிவிட்டு, காரைக் கடைக்குக் கொண்டுபோவார். கடையில் மட்டும் ஒரு மாற்றம். கார் முன்னால் போகாது, பின்னால் எடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது; ஆகவே டிரக் ஒரு வாசல் வழியாக நுழைந்து மறு வாசல் வழியாக வெளியே வரும்வரை கார் சங்கிலியை விட்டு இறங்குவதே இல்லை. குறை தென்படவில்லை என்று எழுதி சாயங்காலம் அதே டிரக்கில் அனுப்பி விடுவார்கள், அவளையும் ஏற்றிக்கொண்டு. மணியை எனக்குப் பதிலாக ஹெக்டரே அடித்துவிடுகிறார். அடுத்த பொங்கலுக்கும் மிக மகிழ்ந்த வாடிக்கையாளர் நான்தான் என்று சிவராமகிருஷ்ணன் சொல்லியிருக்கிறார்.

காலையில் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். வசந்தாமணி டிரக்கில் ஏறி உட்காருவாள். பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் கார். அது முன்னோக்கிப் போவது அப்போது மட்டும்தான். ஹெக்டர் கியர் போடுவதற்கு முன் அவள் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து, பிறகு தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பின்னால் பார்ப்பாள். டெஸ்ட்டுக்குப் பழகியது, இன்னும் விடவில்லை.